இருக்கிற செடிகளைக் கொண்டே நிழல் தோட்டம்: ராமநாதபுரக் கரையில் எந்த இடம், எந்த முறை?

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கடலோர வீடுகளில் நிழல் தோட்டத்துக்கு வேண்டிய செடிகள் ஏற்கெனவே இருக்கும். கிணற்றடியில் ஸ்பைடர் லில்லி புதராகக் கிடக்கும். மாடிப்படிக்குக் கீழே மருள் (ஸ்நேக் பிளான்ட்) நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வாசலில் வெயிலில் வெளுத்த குரோட்டன்ஸ், துவைக்கிற கல்லோரம் கற்பூரவள்ளி, எங்கோ ஒரு பாட்டிலில் மணி பிளான்ட். புதிதாக வாங்க ஒன்றுமில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது, எப்படிப் பெயர்ப்பது என்பதில்தான் முடிவு எடுக்க வேண்டும்.

இடத்துக்குப் போட்டியிடுபவை நான்கு: மரத்தடி, வீட்டின் வடக்குப் புறம், வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருக்கிற கிழக்குச் சந்து, பச்சை வலைப் பந்தல். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சந்து இருந்தால் கிழக்குச் சந்துதான். அது இல்லாதவர்களுக்கு மரத்தடி, ஆனால் தொட்டியில். ஏன் என்பது கீழே.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இந்தக் கரையில் நிழல் செடிகள் சாவது பெரும்பாலும் வெயிலால் அல்ல, உப்பால். ஆகவே இடம் தேடுவதற்கு முன்னால் ஊற்றப்போகிற தண்ணீரை அளந்துவிடுவது நல்லது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சின்ன பேனா அளவில் கிடைக்கிறது. குடிநீர் சுத்திகரிப்பு வைத்திருக்கும் பல வீடுகளில் இருக்கவே செய்யும். 450 பிபிஎம்முக்குக் கீழே என்றால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 450 முதல் 2000 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். 2000-க்கு மேல் போனால் விஷமூங்கில் (லில்லி போன்ற பெரிய கிழங்குச் செடி), ஸ்பைடர் லில்லி, மருள் போன்ற உப்பு தாங்கிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மணற்பாங்கான இடங்களில், குறிப்பாக ராமேசுவரம் தீவில், மழை நீர் உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதனால் ஆழமில்லாத கிணற்றின் மேல்தண்ணீர் ஓரளவு நன்றாக இருக்கும். அதே மனையில் ஆழமாக இறக்கிய போர் உவர்த்துப் போயிருக்கும். மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டினால் கிணற்றுத் தண்ணீரும் உப்பேறும். எனவே காலையில் முதல் வாளியை ஒரு முறையும், அரை மணி நேரம் இறைத்தபின் ஒரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், செடிக்கு விடியற்காலைத் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. அதை ஒரு குடத்தில் பிடித்து, உவர்நீரோடு கலந்து ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுநீரை மட்டும் ஊற்றக் கூடாது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. "வீணாகப் போகிறதே" என்று அதைச் செடிக்குத் திருப்பிவிடும் வீடுகள் பல. 2 மாதத்தில் இலை நுனி கருகத் தொடங்கும்போது பழி வெயில் மேல் விழுகிறது.

வடக்குப் புறம்: நம்ப வேண்டாம்

பொதுவான தோட்டக் குறிப்புகள் நிழல் செடிக்கு வடக்குச் சுவரோரத்தைத்தான் சொல்லும். வடக்கே உள்ள நாடுகளுக்கு அது சரி. ராமநாதபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையும் சொச்சமும்தான். சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை அது நமக்கு வடக்கே நின்று காய்கிறது. சுட்டெரிக்கும் வைகாசியிலும் ஆனியிலும் வடக்குச் சுவர் வெயிலில் நிற்கும். நிழல் விழுவது தெற்கே.

கணக்காகவே பார்க்கலாம். 10 அடி உயரச் சுவர் ஜூன் 21 நண்பகலில் தெற்கே சுமார் 2½ அடி நிழல் தரும், வடக்கே ஒன்றுமில்லை. அதே சுவர் டிசம்பர் 21 நண்பகலில் வடக்கே ஏறக்குறைய 6½ அடி நிழல் தரும். மழையும் மேகமுமாக, நிழலே தேவையில்லாத மாதம் அது. மார்கழியில் வடக்குப் புறம் குளுகுளுவென்று இருப்பதைப் பார்த்துப் பாத்தி கட்டுகிறவர்கள் வைகாசியில் செடியை இழப்பது இதனால்தான்.

ஆகவே நிழலைப் பார்க்க வேண்டிய மாதம் வைகாசி. நினைத்திருக்கும் இடத்தில் காலை 9 மணி, 12 மணி, பிற்பகல் 3 மணி ஆகிய மூன்று வேளையும் நிழலின் விளிம்பில் கல் வைத்துக் குறியுங்கள். மூன்று வேளையில் இரண்டு வேளை நிழலுக்குள் இருக்கும் பகுதிதான் நமக்கு வேண்டியது. ஐப்பசியில் நடுவதற்கு வைகாசியிலேயே இடம் குறிப்பது அவசரப்படுவதாகாது.

தெற்குப் புறத்தின் 2½ அடி நிழலை மட்டும் நம்பி ஒரு வரிசை மருள் வைக்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மரத்தடி: எந்த மரம்?

மேலே நிழல், கீழே வேர். மரத்தடியை எடைபோடும்போது பலரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். இந்த மணலில் மரத்தின் உணவு வேர்கள் மேல் ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன. அங்கே எருவும் தண்ணீரும் விட்டால் முதலில் சாப்பிடுவது மரம்.

பூவரசு இந்தக் கரைக்கே உரிய மரம். உப்பையும் காற்றையும் தாங்கும், நிழல் அடர்த்தி. இலை உதிர்ந்துகொண்டே இருக்கும், அது மூடாக்காகப் பயன்படும். அடியில் மருள், ரியோ (இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் குட்டைச் செடி), ஸ்பைடர் லில்லி நன்றாக நிற்கும். புங்கமும் அருமையான நிழல் மரம். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். வெயில் ஏறத் தொடங்கும் அந்த 3, 4 வாரங்களுக்கு அடியிலுள்ள செடிக்கு நிழல் குறையும். அந்த இடைவெளியைக் கிடுகோ வலையோ போட்டுச் சமாளித்தால் வேம்படியும் நல்ல இடமே.

தென்னையடியில் நிழல் ஊர்ந்துகொண்டே இருப்பதால் எந்த இலையும் நீண்ட நேரம் காயாது. ஆனால் தூரைச் சுற்றி 6 அடிக்குள் நார் வேர் பாய் போல முடைந்திருக்கும், மண்வெட்டி இறங்காது. மட்டையும் காயும் விழுந்து செடி நொறுங்கும் ஆபத்தும் உண்டு. தூரிலிருந்து 6, 7 அடி தள்ளி வைத்தால் இரண்டும் குறையும். முருங்கை நிழல் மெல்லியது, கிளை முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொட்டும். புளியடியில் இருட்டும் சருகும் மிகுதி. சீமைக்கருவேல் அடியில் வைக்கவே வேண்டாம்; அதன் வேர் தண்ணீரை உறிஞ்சிவிடும், உதிர்ந்த இலையும் மற்றச் செடிகளை வளர விடாது.

மரத்தடி என்று முடிவு செய்தால் நேராக மண்ணில் நடுவதைவிட, தொட்டியோடு மண்ணில் புதைப்பது மேல். 10 அங்குல மண் தொட்டியை அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு புதைத்துவிட்டால் வேர்ச்சூடு குறையும், காற்றில் சாயாது, மரவேரோடு சண்டையும் இல்லை. அடித்துளை மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் 1 அங்குலம் செங்கல் ஜல்லி. மாதம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பிவிட வேண்டும். திருப்ப வரவில்லை என்றால் மரவேர் துளை வழியாக உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்; தூக்கி வெட்டிவிட்டு மறுபடி வையுங்கள்.

குழி தோண்டும்போது கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல் குழியை நகர்த்திக்கொள்ளுங்கள். மரத்தூரைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடாக்குவதும் வேண்டாம். 3 அங்குலத்துக்கு மேல் மண் ஏறினால் மேல்வேருக்குக் காற்று கிடைக்காமல் மரமே நலியும்.

பச்சை வலைப் பந்தல்

மரமும் இல்லை, சந்தும் இல்லை என்கிற வெட்டவெளி மனைக்கு இதுதான் வழி. பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத வலை போதும். 75 சதவீத வலை வாங்கினால் கார்த்திகை, மார்கழி மேகத்தில் செடி வெளிறி நெடுக வளரும். சவுக்குக் கம்பில் 7, 8 அடி உயரத்தில் கட்டலாம். கட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்து ஒரே மழைக்காலத்தில் அறுந்துவிடும். நைலான் கயிறு நிற்கும்.

இங்கே பெரிய சிக்கல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் ஊர்களில் வைகாசியிலிருந்து ஆவணி வரை வலை படபடத்துக் கண்ணி கண்ணியாகக் கிழியும். இழுத்துக் கட்டிய வலை இன்னும் சீக்கிரம் கிழியும். சற்றுத் தளர்த்திக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கயிறு ஓட்டி, காற்று வருகிற மேற்குப் பக்கத்தில் பனைமட்டை அடைப்பு ஒன்றும் வைத்தால் தாக்குப்பிடிக்கும். பாக் விரிகுடாப் பக்கமான தேவிபட்டினம், தொண்டி ஊர்களில் கச்சான் தரைமேல் கடந்து வருவதால் உப்பு குறைவு. அங்கே மழைக்காலத்து வாடையும் கொண்டலும்தான் கடல் சாரலைக் கொண்டுவரும். எனவே அடைப்பு வடகிழக்கே வேண்டும். எந்தக் கடல் பக்கம் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து அடைப்பின் திசை மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

வலையை நிரந்தரத் தீர்வாகக் கருதாமல், அதன் ஓரத்திலேயே ஐப்பசி மழையில் மணிக்கட்டுப் பருமனில், 5, 6 அடி நீளமுள்ள பூவரசம் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) இரண்டு ஊன்றிவிடுங்கள். வலை நைந்துபோகும் காலத்தில் பூவரசு நிழல் தரத் தொடங்கும்.

கிழக்குச் சந்து

வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இடையே கிழக்கில் 5, 6 அடி விட்டிருப்பது இங்கே வழக்கம். பெரும்பாலும் அது பழைய சாமான் போடும் இடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் இந்தச் சந்துக்குச் சாதகம். மேற்கு வெயிலை வீடு மறைக்கிறது. கச்சானையும் வீடே தடுக்கிறது. காலை வெயிலைக் காம்பவுண்டு வடிகட்டுகிறது.

6 அடி அகலச் சந்து, 6 அடி உயரக் காம்பவுண்டு, 10 அடி உயர வீட்டுச் சுவர் என்று வைத்துக்கொண்டால், காலை 9 மணி வரை சந்து முழுக்க நிழல். பிற்பகல் 2 மணிக்குமேல் மறுபடி ஏறக்குறைய முழு நிழல். நடுவே, நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு செடிக்கும் 2 முதல் 3 மணி நேர வெயில்தான் விழும். ஆண்டு முழுவதும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை, வடக்குப் புறத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. அந்த 3 மணி நேரம் உச்சி வெயில் என்பதால் பங்குனியிலிருந்து ஆனி வரை சுவருக்கும் காம்பவுண்டுக்கும் குறுக்கே 50 சதவீத வலையை ஒரு பட்டையாகக் கட்டிவிட வேண்டும். இங்கே காற்று இல்லாததால் வலை கிழியாது.

குறை ஒன்று உண்டு. சந்தில் மண் பெரும்பாலும் மண்ணாகவே இருக்காது. கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கலவை, ஓட்டுத் துண்டு, சுண்ணாம்பு எல்லாம் கலந்து காரத்தன்மை ஏறிக் கிடக்கும். அதில் நேராக நட்டால் குரோட்டன்ஸ், செம்பருத்தி, இட்லிப் பூ போன்றவற்றின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆகவே சந்தில் உயர்த்திய பாத்திதான் சரி.

பாத்தி கட்டும் கணக்கு

10 அடி நீளம், 3½ அடி அகலம் எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரோரம் 2 அடி நடைபாதையாக விடுங்கள். பாத்தி வீட்டுச் சுவரைத் தொட்டால் ஈரம் ஏறிச் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். காம்பவுண்டுப் பக்கமும் அரை அடி இடைவெளி இருக்கட்டும்.

செங்கல்லை நீளவாட்டில் வைத்தால் சுற்றளவுக்கு ஒரு வரிக்கு 36 கல். 4 வரிக்கு 144. உடைவது சேர்த்து 150 வாங்கினால் போதும். முதல் வரி மண்ணுக்குள், மூன்று வரி மேலே. மண்ணுக்கு மேலே வரும் முதல் வரியில் 2 அடிக்கு ஒரு இணைப்பைப் பூசாமல் திறந்து விடுங்கள். ஐப்பசி அடைமழையில் வடிகால் இல்லாத பாத்தி ஒரே இரவில் தொட்டியாகிவிடும்.

உள்ளே 9 அங்குல உயரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 16 சிமெண்ட் சாக்கு மண் பிடிக்கும். 8 சாக்கு வீட்டு மணல், 4 சாக்கு கண்மாய் வண்டல் அல்லது செம்மண், 4 சாக்கு நன்றாக மக்கிய எரு. வண்டல் அனுமதியோடு எடுத்தவர்களிடம் மட்டும் வாங்குங்கள். வண்டலை இதற்குமேல் கூட்ட வேண்டாம். உவர்நீர் பட்டால் களி இறுகி மேலே ஓடு கட்டும். கடற்கரை மணலை அள்ளக் கூடாது, சட்டமும் தடுக்கிறது, உப்பும் சேரும். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதாக இருந்தால் மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் சேருங்கள், அதிலும் உப்பு உண்டு. கரை ஒதுங்கிய கடற்பாசியை எருவாக்க விரும்புகிறவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க அதை வெளியே போட்டு நனையவிட்ட பிறகே தொட வேண்டும்.

எப்போது பெயர்ப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை வைத்து ஆடியில் செடி மாற்றுகிறவர்கள் உண்டு. இந்தக் கரைக்கு ஆடி மழை மாதமல்ல, காற்று மாதம். பெயர்த்த செடியின் இலையிலிருந்து கச்சான் உறிஞ்சுகிற வேகத்துக்கு அறுபட்ட வேரால் ஈடுகொடுக்க முடியாது.

நமக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. முதல் இரண்டு நல்ல மழை பெய்து மண்ணின் உப்பு கீழே இறங்கியபின், ஐப்பசி முதல் பாதியில் நடுவது சிறந்தது. பங்குனி வெயிலுக்கு முன்னால் செடிக்கு 4 மாதத்துக்கு மேல் கிடைக்கும். மருள், கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ளவை மட்டும் இதற்கு விலக்கு. அடைமழையில் புதிய வெட்டு அழுகும் என்பதால் அவற்றைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். பங்குனியிலிருந்து ஆவணி வரை எதையும் தொட வேண்டாம். வீடு இடிப்பது போன்ற கட்டாயம் வந்தால் தொட்டிக்கு மாற்றி, நிழலில் வைத்து, ஐப்பசி வரை காப்பாற்றிக்கொள்ளலாம்.

எப்படிப் பெயர்ப்பது

செடியை முழுசாகத் தோண்டி எடுப்பதுதான் பெயர்ப்பது என்று நினைப்பது இயல்பு. இந்த மணலில் அது கடைசி வழி. பிரித்து நடுவது முதல் வழி, போத்து இரண்டாவது, விண் பதியன் (கிளையிலேயே வேர் விட வைத்து வெட்டி எடுப்பது) மூன்றாவது.

ஸ்பைடர் லில்லிப் புதரை முதல் நாள் மாலை நனைத்து, மறுநாள் கடப்பாரையால் நெம்பி எடுத்து, 2, 3 கிழங்காகப் பிரியுங்கள். இலையைப் பாதியாக வெட்டி, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்குமாறு ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். விஷமூங்கிலுக்கு 3 அடி வேண்டும். பெரிய தூரை அசைக்காமல் பக்கக் கன்றை மட்டும் எடுங்கள், கழுத்து மண்ணுக்குச் சற்று மேலேயே நிற்கட்டும். ஆழப் புதைத்தால் அழுகும். மருளை வேர்க்கிழங்கோடு வெட்டி, வெட்டுவாய் காய நிழலில் 2, 3 நாள் போட்டுவைத்து நடுங்கள். ரியோவின் பக்கக் குருத்தைக் கையால் ஒடித்து அப்படியே ஊன்றலாம், ஓரடி இடைவெளி. சிங்கோனியம், மணி பிளான்ட் இரண்டும் 3 கணு இருந்தால் பிடித்துக்கொள்ளும். அவற்றின் சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது.

குரோட்டன்ஸ் 4 அடிக்கு மேல் வளர்ந்திருந்தால் தோண்டாதீர்கள். நுனியிலிருந்து 6, 8 அங்குலப் போத்து எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, பாலைத் துடைத்து ஊன்றுங்கள். அல்லது பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குலம் பட்டை உரித்து, ஈர நார்க்கழிவு வைத்து பாலிதீனால் கட்டி விண் பதியன் போடுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் தெரியும்.

அப்படியும் முழுச் செடியைத்தான் மாற்ற வேண்டும், அதாவது வயதான நந்தியாவட்டையோ செம்பருத்தியோ என்றால், தூர் 1 அங்குலப் பருமனுக்கு வேர்மண் உருண்டை 10 முதல் 12 அங்குல அகலம் இருக்க வேண்டும். ஈர மணலில் அது ஏறக்குறைய 30 கிலோ கனக்கும். ஒரு மாதம் முன்பே உருண்டையின் சுற்றளவில் பாதியை மண்வெட்டியால் நேராக இறக்கி வெட்டிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறு பாதி. வெட்டிய இடத்தில் புது வேர் உள்பக்கமாகக் கிளம்பி மண்ணைப் பிடிக்கும்.

மணல் உருண்டை எடுக்கும்போதே உதிர்ந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தொல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியை அறுத்து, ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை கீறி, செடியைச் சுற்றிப் பொருத்தி மண்ணுக்குள் அழுத்துங்கள். வெளியே கயிறு சுற்றி, அடியில் தகரத்தைச் செருகித் தூக்கினால் உதிராது. குழியில் இறக்கியபின் வாளியை உருவிக்கொள்ளலாம். சாக்கில் சுற்றி எடுத்தால் நடும்போது சாக்கை எடுத்துவிட வேண்டும். மக்கிவிடும் என்று விட்டுவைத்தால் கரையான் முதலில் சாக்குக்கு வரும், அப்புறம் வேருக்கு. எவ்வளவு கவனமாக இருந்தும் மண் உதிர்ந்துவிட்டால் இலையில் பாதியைக் கழித்து விடுங்கள். மண் உதிராத செடிக்கு இலை கழிக்கத் தேவையில்லை.

எந்த முறையானாலும் மாலை 4½ மணிக்குமேல் நடுங்கள். மாவுப்பூச்சி வெள்ளையாக ஒட்டியிருக்கும் செடியைப் பாத்திக்குள் கொண்டுவராதீர்கள். சோப்புக் கரைசலில் கழுவி, இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபிறகு கொண்டுவரலாம்.

எவை வேண்டாம்

மல்லிகை. தங்கச்சிமடம் பக்கத்து நாற்று எல்லா ஊருக்கும் போகிறது, நம் வீட்டிலும் நிற்கிறது, ஆனால் அதற்கு முழு வெயில் வேண்டும். நிழலில் கொடியோடும், பூக்காது. அரளி, காகிதப்பூ, முண்டு மிளகாய் ஆகியவையும் அப்படியே. கறிவேப்பிலையைத் தோண்டினால் பட்டுப்போக வாய்ப்பு அதிகம். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை மட்டும் மழையில் எடுக்கலாம், அதையும் வெயிலில்தான் வைக்க வேண்டும். வெற்றிலைக்கு நிழல் பிடிக்கும், உப்பு பிடிக்காது. 450 பிபிஎம்முக்குள் தண்ணீர் இருந்தால் மட்டும் முயலுங்கள். ஆந்தூரியமும் பெரணியும் இந்தக் காற்றுக்கு ஏற்றவை அல்ல. குரோட்டன்ஸ் வரலாம், ஆனால் சிவப்பும் மஞ்சளும் மங்கிப் பச்சை கூடும். நிறம் வேண்டுமென்றால் வெயில் அதிகம் படும் ஓரத்தில் வையுங்கள்.

10 அடிப் பாத்திக்குக் காம்பவுண்டுப் பக்கம் 3 குரோட்டன்ஸ் அல்லது நந்தியாவட்டை, நடுவில் 5 ஸ்பைடர் லில்லி, முன்னால் 9 ரியோ, தை மாதம் இடைவெளிகளில் மருள் என்றால் நிறைந்துவிடும். முதல் பார்வைக்கு வெறிச்சென்று தெரியும். ஓராண்டில் மண் தெரியாது, அவசரப்பட்டு நெருக்க வேண்டாம். ஸ்பைடர் லில்லிக் கிழங்கும் விஷமூங்கில் கிழங்கும் விஷம் என்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைப் பின்வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். தெரு ஆடு நுழைகிற வீடு என்றால் சந்தின் வாயில் பனைமட்டைப் படல் ஒன்று கட்டாயம்.

தண்ணீரும், தவறுவதும்

நட்ட அன்று பாத்தி நிறைய, மறுநாளும் ஒரு முறை. அதன்பின் மழை இல்லாத பட்சத்தில் இரண்டு வாரம் ஒன்றுவிட்ட நாள், பிறகு வாரம் 2 முறை. ஒரு முறைக்கு 4 குடம், அதாவது 60 லிட்டர். இது பாத்தி முழுக்க 1 அங்குலம் தண்ணீர். தினமும் ஒரு குடம் தெளிப்பதைவிட இது மேல். மேலோட்டமாகத் தெளித்த உவர்நீர் ஆவியாகி உப்பை மேல்மண்ணிலேயே விட்டுப் போகும். கோடையில் மாதம் ஒரு முறை 8 குடம் ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு ஊற்ற வேண்டும். பூவரசு, வேம்புச் சருகு 2 அங்குலம் மூடாக்கு போட்டால் பூப்பதே குறையும்.

வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த செடி முதல் 3 வாரத்தில் பழைய இலைகளை உதிர்க்கும். அது சாகவில்லை, நிழலுக்கேற்ற இலைக்கு மாறுகிறது. ஆனால் அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கூட்டுவதுதான் கொல்கிறது. நிழலில் செடி குடிப்பது முன்னைவிடக் குறைவு. நண்பகலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் காத்திருங்கள். விடியற்காலையிலும் தொங்கினால் வேரில் கோளாறு, தோண்டிப் பாருங்கள். அடித்தண்டு மெத்தென்று மஞ்சளாகி நாறினால் அழுகல். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் பழுப்பானால் உப்பு. இலையின் நடுவே வெளுத்த திட்டு என்றால் வெயில், வலையை நகர்த்துங்கள்.

கார்த்திகை வாக்கில் லில்லி இலைகளில் கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு கூட்டமாக வரும். இரண்டு நாள் விட்டால் கிழங்கு வரை குடையும். மருந்து தேடிப் போகாமல், காலையில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், இலையின் அடியிலுள்ள முட்டைக் குவியலோடு சேர்த்து. நத்தை தென்படும் ஊர்களில் இரவில் ஈரச் சாக்கு விரித்துவைத்துக் காலையில் அடியில் ஒதுங்கியவற்றை அள்ளலாம். உப்புத் தூவிக் கொல்வதை இந்தப் பாத்தியில் செய்யவே கூடாது.

அடுத்த ஐப்பசிக்குள் ரியோ பாத்தியின் விளிம்பைத் தாண்டி வழியும். அப்போது ஒடித்தெடுக்கும் குருத்துகளே சந்தின் மீதி நீளத்துக்குப் போதும். லில்லியை மட்டும் இன்னும் ஓராண்டு விட்டு, தூர் நெருங்கிப் பூ குறையும்போது பிரியுங்கள்.